தோட்டத்து வீட்டுக் குழு: இன்று ராத்திரி நிலநடுக்கமா?

சுமதி அத்தை: (பலமுறை பகிரப்பட்டது) இன்று இரவு 11.30க்கு ஈரோடு, திருப்பூர், கோவையில் நிலநடுக்கம்! யாரும் வீட்டுக்குள் தூங்காதீர்கள்!!

சுமதி அத்தை: செந்திலு, அம்மாவுக்கு வாசலில் கட்டில் போடு

மல்லிகா சித்தி: ஏனுங்க அண்ணி, இந்தப் பனியிலயா?

செந்தில் சித்தப்பா: மத்தியானம் சன்னல் அதிர்ந்துதே

கார்த்தி: கல்குவாரி வெடி

பெரியப்பா: சுமதி, அதை நம்பாதே. நாள், மணி குறித்து நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல இதுவரை யாராலும் முடியவில்லை. இந்தியத் தட்டு, அதாவது நம் நாட்டைத் தாங்கும் மாபெரும் பாறைப் பலகை, வருஷத்துக்குச் சுமார் 5 செ.மீ. வடக்கே நகர்ந்து ஆசியப் பக்கத்துத் தட்டை முட்டிக்கொண்டே இருக்கிறது. இமயமலை எழும்பியதே அதனால்தான். அந்த நெருக்கம் தட்டின் நடுப்பகுதிக்கும் வந்து சேரும். அடியில் பழைய விரிசல் உள்ள இடத்தில் பாறை திடீரென்று சறுக்கினால் நிலம் ஆடும்.

செந்தில் சித்தப்பா: அப்ப நம்ம பக்கம் வராதுங்களாண்ணா

பெரியப்பா: அப்படியும் சொல்லிவிட முடியாது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயமுத்தூர்ப் பக்கம் வந்ததே ஏறக்குறைய 6 ரிக்டர்.

நிலா: சென்னிமலை எரிமலையா பெரியப்பா? ஸ்கூல்ல சொல்றாங்க

பெரியப்பா: இல்லை கண்ணு. ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புகும் இடத்தில் ஆழத்துப் பாறை உருகி மேலே வரும். எரிமலைகள் பெரும்பாலும் அந்த ஓரங்களில்தான். நம் நாட்டில் இப்போதும் உயிரோடு இருப்பது அந்தமான் பக்கத்துப் பாரன் தீவு.

நிலா: 👍

கார்த்தி: சீரை நடத்தி வைக்கிற அருமைக்காரரிடம் தேதி கேட்டாச்சா?

செந்தில் சித்தப்பா: போன் எடுக்கலை

பெரியப்பா: இதைக் கேளுங்கள் முதலில். நிலம் ஆடும்போது ஆளை அடிப்பது மேலிருந்து விழும் சாமான்தான். அம்மா தலைமாட்டுக்கு நேர் மேலே பரணில் அந்தப் பித்தளை அண்டா, விளிம்பில் பாதி வெளியே நிற்கிறது. போன தடவை வந்தபோதே பார்த்தேன். அதை இறக்குங்கள். ராத்திரி உள்ளேயே தூங்கலாம்.

மல்லிகா சித்தி: இறக்கி எங்கே வைக்கறதுங்க மாமா?

சுமதி அத்தை: எங்கள் வீட்டுக்கு அனுப்பு. அம்மா எனக்குத்தான் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்

மல்லிகா சித்தி: எப்பச் சொன்னாங்க?

சுமதி அத்தை: நீ வரும் முன்னாடியே

மல்லிகா சித்தி: தீபாவளிக்குத் தீபாவளி புளி போட்டுத் தேய்க்கறது நான்

செந்தில் சித்தப்பா: அக்கா இப்ப அது வேண்டாமே

கார்த்தி: சீர்ச் சமையலுக்கும் அதுதானே வேணும்

பெரியப்பா: யாருக்கு என்று அப்புறம் பேசலாம். இறக்கியாச்சா?

செந்தில் சித்தப்பா: ரெண்டு ஆள் வேணும்ணா. இப்போதைக்குக் கட்டிலை அந்தப் பக்கம் நகர்த்திட்டேன். கார்த்தி, காலையில வர்றியா?

கார்த்தி: பார்க்கிறேன் சித்தப்பா

சுமதி அத்தை: நானும் வர்றேன்