அளம்பில் கடலில் கயாக் தூண்டில் போட்டி: எல்லையையும் இறங்குமிடத்தையும் எங்கே வைப்பது?

கேள்வி (விளையாட்டுக் கழகச் செயலாளர், முல்லைத்தீவு)

வணக்கம். எங்கள் கழகம் ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கயாக் தூண்டில் போட்டியொன்றை நடத்த ஆயத்தமாகிறது. மொத்தம் 20 கயாக்குகள். போட்டியாளர்களில் பாதிப்பேர் கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்தவர்கள். இரணைமடுவிலும் வேறு குளங்களிலும் துடுப்புப் பிடித்துப் பழகியவர்களே தவிர, கடலில் அதிகம் இறங்காதவர்கள். சிலாவத்தை, அளம்பில், நாயாறு ஆகிய மூன்று இடங்களிலும் இறங்கவிட்டு, கரையிலிருந்து 5 கிலோமீற்றர்வரை எல்லை வகுத்து, காலை 6 மணிமுதல் நண்பகல்வரை நடத்துவதெனக் குழு தீர்மானித்திருந்தது. வரைபடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகைக் கோடுகளை வைத்து ஒரு சதுரமும் கீறிவிட்டோம்.

சென்ற ஞாயிறு காலை 9 மணியளவில் அளம்பிலில் ஒத்திகை பார்த்தோம். கரையோரக் கடல் குளத்துத் தண்ணீர்போல அசைவின்றிக் கிடந்தது. இரண்டு பேர் 2 கிலோமீற்றர் தூரத்துக்கு 20 நிமிடங்களில் போய்விட்டார்கள். ஆனால் திரும்பி வர ஒருவருக்கு 1 மணி 10 நிமிடங்கள் பிடித்தன. மற்றவர் பாதி வழியில் கை ஓய்ந்துபோக, தொழில் முடித்து வந்த படகொன்று அவரைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்து சேர்த்தது. கயாக்கில் ஓட்டை இல்லை, சுமையும் அதிகமில்லை, இருவரும் நல்ல உடற்பலம் உள்ளவர்கள். பிழை எங்கே இருக்கிறது, எல்லையை எவ்வளவுக்குக் குறைக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டும்.

பதில் 1 (கடற்றொழிலாளர், அளம்பில்)

தம்பி, பிழை கயாக்கிலும் இல்லை, பிள்ளைகளிடமும் இல்லை. இப்போது வீசுவது சோழகம். எங்கள் கரை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுவதால், தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று தரைப்பக்கமிருந்து நேராகக் கடலை நோக்கியே தள்ளும். கரையில் நிற்பவருக்குப் பின்னால் பனையும் பற்றையும் காற்றை மறைக்கின்றன. அலை எழும்புவதற்கு வேண்டிய நீர்ப்பரப்பும் காற்றுக்கு அங்கே கிடைப்பதில்லை. அதனால் கடல் படுத்திருப்பதுபோலத் தெரியும். சில நூறு மீற்றர் போனதும் அந்த மறைப்பு விட்டுப்போகும். போகும்போது முதுகில் தள்ளிய காற்று திரும்பும்போது நெஞ்சில் நிற்கும்.

வாடைக்காலக் கடல் பார்த்தவுடனேயே பயமுறுத்தும், ஆகையால் எவரும் இறங்க மாட்டார்கள். சோழகக் கடல் அப்படியன்று. வா என்று கூப்பிட்டுவிட்டுப் பிறகு விடாது. இயந்திரம் பழுதாகி வெளியே இழுபட்ட படகுகளின் கதை இந்தக் கரையில் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

பதில் 2 (துடுப்புப் படகுப் பயிற்சியாளர், திருகோணமலை)

மேலே ஐயா சொன்னதைக் கணக்காகவும் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் ஆட்கள் போன வேகம் மணிக்கு 6 கிலோமீற்றர்; திரும்பிய வேகம் மணிக்கு 1.7 கிலோமீற்றர், அதாவது போன வேகத்தில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. எனவே எல்லையை மீன் எங்கே நிற்கிறது என்பதைக்கொண்டு தீர்மானிக்காமல், உங்களிடமுள்ள மிகவும் பலவீனமான துடுப்பாளர் எதிர்க்காற்றில் அரை மணிநேரத்தில் எவ்வளவு தூரத்தைக் கடப்பார் என்பதைக்கொண்டு தீர்மானியுங்கள். ஒத்திகைக் கணக்கின்படி அது ஒரு கிலோமீற்றருக்கும் சற்றுக் குறைவு. நான் நடத்துவதாயின் 800 மீற்றரில் கோட்டைப் போடுவேன். இழந்த அகலத்தைக் கரையோர நீளத்தில் எடுத்துக்கொள்ளலாம்: கரையோடு 3 கிலோமீற்றர், கடலுக்குள் 800 மீற்றர் என்ற ஒரு பட்டி 20 பேருக்குத் தாராளமாகப் போதும்.

நீங்கள் கீறிய சதுரத்தையும் கைவிடுங்கள். கரை சாய்வாக ஓடும் இடத்தில் வடக்குத் தெற்காக நிற்கும் சதுரத்தின் வடகிழக்கு மூலை, நீங்கள் எண்ணியிருந்ததைவிட வெகுதூரம் கடலுக்குள் போய்விடும். வெளிக்கோடு கரைக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். இரு பக்கக் கோடுகளையும் கைபேசியை நம்பி விடாமல், கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு உயரமான கம்புகளை நட்டு, நிறத் துணி கட்டிவிடுங்கள். இரண்டு கம்புகளும் ஒரே நேரில் தெரிந்தால் போட்டியாளர் எல்லைக்கோட்டில் நிற்கிறார் என்று பொருள். ஈரக் கையால் திரையைத் தொட்டுப் பார்ப்பதைவிட இது நிச்சயமானது.

நேரமும் முக்கியம். காலையில் தரை குளிர்ந்திருக்கும்வரை மேலே வீசும் பருவக்காற்று முழுமையாகக் கீழே இறங்காது. வெயில் ஏறித் தரை சூடாகும்போது அது இறங்கிப் பலக்கும். ஆகவே ஆனியில்தான் நடத்த வேண்டுமென்றால் 6 மணிக்குத் தொடங்கி 8.30 மணிக்கு எல்லோரையும் கரையேற்றிவிடுங்கள். நண்பகல்வரை என்ற பேச்சே வேண்டாம். காற்று 12 நொட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீற்றர் ஆனதும் போட்டியை நிறுத்துவது என முன்கூட்டியே எழுதி வையுங்கள். அந்த அளவைக் கரையில் நின்று எடுத்தால் மரங்களின் மறைப்பில் ஏமாந்துபோவீர்கள். வெளிக்கோட்டில் நிற்கும் பாதுகாப்புப் படகிலிருந்து காற்றுமானியைப் பிடித்து எடுக்க வேண்டும்.

பதில் 3 (வவுனியாவிலிருந்து ஒருவர்)

இவ்வளவு ஆபத்து இருக்குமாயின் நந்திக்கடல் களப்புக்குள் நடத்திவிடலாமே? இல்லையேல் வட்டுவாகலுக்கு வடக்கே முள்ளிவாய்க்கால் பக்கத்துக் கடற்கரை ஆளரவமின்றிக் கிடக்கிறது, இடைஞ்சல் இராது.

பதில் 4 (ஓய்வுபெற்ற ஆசிரியர், முள்ளியவளை)

நந்திக்கடலும் நாயாற்றுக் களப்பும் 2017 இல் இயற்கை ஒதுக்கங்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. அங்கே போட்டி என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தோடு பேசாமல் ஓர் அடியும் வைக்க இயலாது. தவிரவும், களப்பு சிறுதொழிலாளரின் இறால் வலைகள் கிடக்கும் இடம். அந்த வலைகளுக்கு மேலால் 20 கயாக்குகளை ஓட்டிவிட்டு மன்னிப்புக் கேட்பதில் அர்த்தமில்லை.

முள்ளிவாய்க்கால் கடற்கரை ஆளரவமின்றிக் கிடப்பதன் காரணத்தை இங்குள்ள எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மணலில் ஒலிபெருக்கி கட்டிப் பரிசளிப்பு நடத்துவது முறையாகாது. திகதியை எப்போதாவது வைகாசிக்கு முன்தள்ள நினைத்தாலும் முள்ளிவாய்க்கால் நினைவுநாளான மே 18 ஐ அண்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில்தான் கடல்நீர் எடுக்கிறார்கள் என்பதையும் குழுவுக்கு நினைவூட்டுகிறேன்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நாயாற்றை விட்டுவிடுகிறோம். ஆனாலும் இரண்டு சந்தேகங்கள் மீதியாக உள்ளன. இறங்குமிடம் ஒன்றா, இரண்டா? அதிகாலையில் நடத்தினால், கரை திரும்பும் பைபர் படகுகளோடு மோதும் ஆபத்து கூடுமே?

பதில் 2

இறங்குமிடம் ஒன்றே ஒன்று. இரண்டு இடங்களில் இறக்கினால் எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை எப்படியும் தவறும். ஒரு பலகையில் 1 முதல் 20 வரை இலக்கத் தகடுகளைக் கொழுவி வையுங்கள். இறங்குபவர் தம் தகட்டை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், ஏறியதும் தம் கையாலேயே திரும்பக் கொழுவ வேண்டும். பலகையில் ஓர் ஆணி வெறுமையாக இருக்கும்வரை எவரும் வீட்டுக்குப் போகக் கூடாது. கரையேறுவதற்கு மாத்திரம் கட்டுப்பாடு வைக்க வேண்டாம். அங்கே நீளமான மணற்கரை என்பதால், களைத்தவர் எட்டிய இடத்தில் ஏறி, கயாக்கை மணலில் இழுத்து வந்தால் போதும். களப்பு வாய்கள் இதற்கு விலக்கு: வாய் திறந்திருக்கும் காலத்தில் அங்கே நீர் கடலுக்கு வெளியே இழுக்கும்.

பாதுகாப்புப் படகுகள் மூன்று வேண்டும். இரண்டு வெளிக்கோட்டில், கயாக்குகளுக்குக் கடல் பக்கமாக நிற்கட்டும். மூன்றாவது எந்த வேலையுமின்றிச் சும்மா நிற்கட்டும். சும்மா நிற்கும் படகுக்கு எதற்கு எரிபொருள் என்று பொருளாளர் கேட்பார்; கேட்கட்டும். அத்துடன், கவிழ்ந்த கயாக்கில் ஆழ்நீரிலிருந்து தாமாகவே ஏறிக் காட்டாதவரைப் பதிவு செய்யாதீர்கள். குளத்தில் பழகியவர்கள் பலர் இதை ஒருமுறையேனும் செய்து பார்த்ததில்லை.

பதில் 1

படகு விடயத்தைத் தம்பி சரியாகவே கேட்டிருக்கிறார். சுமையில்லாத படகு வேகமாக வரும்போது அணியம், அதாவது படகின் முன்பக்கம், மேலே தூக்கி நிற்கும். பின்னால் இருந்து ஓட்டுபவருக்கு முன்னால் தண்ணீரோடு தண்ணீராக இருக்கும் கயாக் தெரியாது. கயாக்கில் இருப்பவருக்கோ கிழக்கே பார்த்தால் கண்ணில் சூரியன் அடிக்கும், வரும் படகைக் காண மாட்டார். ஆகவே எங்கள் படகுகள் வந்தேறும் வழிக்கென்று ஓர் ஓடையை ஒதுக்கி, உங்கள் பட்டி முழுவதையும் அதற்கு ஒரு பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கயாக்கிலும் ஓர் ஆள் உயரத்துக்குக் கம்பு நட்டுச் செம்மஞ்சள் கொடி கட்டுங்கள். எல்லை மிதவைகளுக்கு அதே கொடி வேண்டாம், நாங்கள் வலைக்குக் கட்டும் கொடிகளின் நிறமும் வேண்டாம், குழம்பிவிடும்.

இன்னொன்று, கரைவலைப் பாடுகள், அதாவது கரையிலிருந்து வலை வளைத்து இழுப்பதற்கென உள்ள கரைத் துண்டுகள். வளைத்த வலையின் கயிறு கரையிலிருந்து வெகுதூரம் கடலுக்குள் போகும். அதற்குள் கயாக் நுழைந்தால் ஆளுக்கும் ஆபத்து, அன்றைய மீன்பிடியும் கெட்டுவிடும். இரண்டு பாடுகளுக்கு இடையில் வெறுமையாகக் கிடக்கும் துண்டு எது என்பதைச் கரைவலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமார்தான் காட்ட வேண்டும். கடற்றொழில் திணைக்களத்துக்குக் கடிதம் கொடுப்பதற்கு முன் எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு வந்து பேசுங்கள். கடிதத்தைப் பிறகு நாங்களும் சேர்ந்து கொடுக்கலாம்.

கேட்டவர்

நேற்று மாலை சங்கத்துக்குப் போய் வந்தோம். இரண்டு பாடுகளுக்கு நடுவே 2 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான துண்டொன்றைக் காட்டினார்கள். ஆகவே பட்டியின் நீளம் 3 அன்று, 2 கிலோமீற்றர். வெளிக்கோடு 800 மீற்றர். பாதுகாப்புப் படகுகள் மூன்றையும் சங்கத்தினரே ஓட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகம், மாவட்டக் கடற்றொழில் அலுவலகம், கடற்படை, கரையோரக் காவல்படை, பொலிஸ் ஆகியோருக்கான கடிதங்கள் தயாராகின்றன. திகதியைப் பற்றிக் குழுவில் இன்னும் இழுபறி இருக்கிறது: பாதிப்பேர் ஆனியிலேயே அதிகாலையில் நடத்தலாம் என்கிறார்கள், எனக்கோ காற்றுக் குறைந்த அடுத்த பங்குனிக்குத் தள்ளிவைப்பதே சரியெனப் படுகிறது.

பதில் 1

பங்குனியே நல்லது தம்பி. அப்போதும் பின்னேரத்தில் இடிமழை கட்டும், காலையோடு முடித்துவிடுங்கள்.