ஒரு கிலோமீட்டருக்கு 25 பைசாவாம், யார் வீட்டு மீட்டர்ல?

கிளட்ச்கேபிள் (2025 நவம்பர்)
பக்கத்துத் திரியில பச்சைப்பலகை எழுதினதைப் படிச்சு எரிச்சல் தாங்கல. அவர் வரி அப்படியே: "3 கிலோவாட் ஹவர் பேட்டரி ஸ்கூட்டர், கிலோமீட்டருக்கு 25 பைசா. டிசம்பர் 31க்குள்ள வாங்கலேன்னா நஷ்டம் உங்களுக்குத்தான்."

செப்டம்பர் 22லேருந்து 350 சிசி வரைக்கும் பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 28லேருந்து 18 ஆயிடுச்சு. ஷோரூம் விலை 80,000 இருந்த வண்டி இப்ப 73,750. முழுசா 6,250 ரூபாய் குறைவு. மின்சார வண்டிக்கு 2019 ஆகஸ்ட்லேருந்து அதே 5 சதவீதம்தான், புதுசா எதுவும் குறையல. மின்சார வண்டிக்கு மத்திய அரசு மானியம் 2021 ஜூன்ல பேட்டரியோட கிலோவாட் ஹவருக்கு 15,000. இப்ப 2,500, அதுவும் வண்டிக்கு 5,000க்கு மேல கிடையாது. ஆகஸ்ட்ல வந்த அறிவிப்புப்படி 2026 மார்ச் 31ஓட அதுவும் முடியுது. எல்லாம் கரைஞ்ச பிறகு மிச்சம் இந்த 25 பைசா கதை ஒண்ணுதான். அது எந்த வீட்டு மீட்டர்ல ஓடுதுன்னு காட்டச் சொல்லுங்க.

பச்சைப்பலகை
என் பேரைப் போட்டே திரி ஆரம்பிச்சாச்சா, சந்தோஷம். கணக்கு இதோ. 3 கிலோவாட் ஹவர்னா கரண்ட் பில்லுல 3 யூனிட், யூனிட் 6.30 ரூபாய், ஆக 18.90. நிஜ ஓட்டம் 85 கிமீ. வகுத்தா 22 பைசா. நான் 25ன்னு கூட்டித்தான் சொன்னேன்.

நீங்க சொல்லாம விட்டது சாலை வரி. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லேருந்து ஒரு லட்சத்துக்கு மேல விலையுள்ள புது இருசக்கர வண்டிக்கு 12 சதவீதம், லட்சம் வரைக்கும் 10. மின்சார வண்டிக்கு இந்த டிசம்பர் 31 வரைக்கும் முழு விலக்கு. 1,20,000 ரூபாய் வண்டிக்கு அதுவே சுமார் 14,000. 5,000 மானியத்துக்கு ஒப்பாரி வைக்கிறவங்க கண்ணுல 14,000 மட்டும் ஏன் படமாட்டேங்குது?

மீட்டர்பாக்ஸ்
ரெண்டு பேருக்கும் மீட்டர் பாக்கத் தெரியல. 3 யூனிட்டுங்கறது பேட்டரிக்குள்ள நிக்கிற அளவு. சார்ஜர் சூடாகுது, அதோட மின்விசிறி சுத்துது, கடைசி 10 சதவீதத்துல செல்களைச் சமன் பண்ண நேரம் எடுக்குது. 3 யூனிட் உள்ள போகணும்னா சுவத்துலேருந்து 3.4, 3.5 இழுக்கும். அந்த அரை யூனிட்டுக்கும் பில் உங்களுக்குத்தான் வரும்.

3.5ஐ 85ஆல வகுத்தா கிமீக்கு 0.041 யூனிட். மாசம் 1,000 கிமீ ஓட்டினா ரெண்டு மாச பில்லுக்கு 82 யூனிட் கூடும். இப்ப மூணு வீடு எடுத்துக்குங்க.

ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் ஓடுற வீடு: 382 ஆகும். கூடின 82க்கும் யூனிட்டுக்கு 4.70 ரூபாய். மொத்தம் 385 ரூபாய், கிமீக்கு 19 பைசா.

700 ஓடுற வீடு: 782 ஆகும். 82க்கும் 9.45. மொத்தம் 775 ரூபாய், 39 பைசா.

420 ஓடுற வீட்டுலதான் கத்தி இருக்கு. வண்டிக்கு முன்னாடி பில்: 100 இலவசம், அடுத்த 100க்கு 2.35, அடுத்த 200க்கு 4.70, மிச்சம் 20க்கு 6.30, ஆக 1,301. வண்டி வந்ததும் 502 யூனிட். 500ஐத் தாண்டின உடனே அந்த 2.35 விலைப் படி பறிபோயிடும். 101லேருந்து 400 வரைக்கும் எல்லாமே 4.70. அடுத்த 100க்கு 6.30, கடைசி 2க்கு 8.40. பில் 2,057. வண்டிக்காகக் கூடினது 756 ரூபாய், கிமீக்கு 38 பைசா. அதே வீடு 498ல நின்னிருந்தா பில் 1,792தான். நாலு யூனிட்டுக்கு 265 ரூபாய்.

25 பைசா இந்த மூணு வீட்டுல எங்கயும் இல்லை.

கிளட்ச்கேபிள்
கேட்டுக்கோ தம்பி. 25 பைசா எங்கயும் இல்லை.

பச்சைப்பலகை
முதல்ல, யாருக்கு யார் தம்பி? வயசு தெரியாம உரிமை எடுத்துக்காதீங்க.

ரெண்டாவது, மீட்டர்பாக்ஸ் சார் வேணும்னே கடைசிப் படியைத் தூக்கி வண்டி தலையில கட்டறார். 502 யூனிட்டுக்கு 2,057 ரூபாய்னா சராசரி யூனிட் 4.10. 0.041ஆல பெருக்கினா 17 பைசா. ஏசியும் அதே மீட்டர்லதான் ஓடுது. 500ஐத் தாண்டவச்சது ஸ்கூட்டர்தான், ஏசி இல்லைன்னு யார் தீர்ப்பு சொன்னது?

மீட்டர்பாக்ஸ்
வரிசையில கடைசியா வந்து நிக்கிறவன் கடைசி டிக்கெட் விலைதான் கொடுக்கணும். வண்டிக்கு முன்னாடி பில் 1,301, பின்னாடி 2,057. இடையில வீட்டுக்குள்ள வேற எதுவும் வரல. சராசரி எடுத்து 17ங்கறது கணக்கு இல்லை, சமாதானம்.

பச்சைப்பலகை
சரி, உங்க 38ஐயே வச்சுக்குங்க. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், வண்டி 45 கிமீ கொடுத்தா கிமீக்கு 2.22. மாசம் ஆயிரம் கிமீல 1,840 ரூபாய் மிச்சம். இதுக்குப் பதில் சொல்லாம பைசாவையே ஏன் நோண்டறீங்க?

கிளட்ச்கேபிள்
நீ எழுதினது 25. கேள்வி 25 பத்தி. பெட்ரோலைப் பத்தி இங்க யாரும் கேக்கல. இதே மாதிரி 2023 மே மாசமும் "மானியத்துல கை வைக்கமாட்டாங்க"ன்னு அடிச்சுச் சொன்ன. ஜூன் 1ல 15,000 ஒரேயடியா 10,000 ஆச்சு, உச்சவரம்பு விலையில 40 சதவீதத்துலேருந்து 15க்கு இறங்குச்சு. அன்னிக்கும் பேச்சை மாத்தின, இன்னிக்கும் மாத்தற.

பேட்டரியையும் சேர்த்துச் சொல்லு. வண்டியோட வந்தா 5 சதவீத ஜிஎஸ்டி, தனியா மாத்தினா லித்தியம் பேட்டரிக்கு 18. அதைக் கிமீல வகுத்தியா?

பச்சைப்பலகை
8 வருஷம், 80,000 கிமீ, 70 சதவீதத் திறன்னு நீட்டிச்ச உத்தரவாதம் எழுதிக் கொடுக்கறாங்க, அதைப் படிக்காம பேட்டரி பூச்சாண்டி காட்டாதீங்க. பெட்ரோல் வண்டிக்கு ஆயில், ஃபில்டர், பெல்ட், பிளக், கிளட்ச் ஷூ, இதெல்லாம் கிமீல வகுத்தீங்களா?

மூணாம்மாடி
குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். அடுக்குமாடியில கீழ் பார்க்கிங்ல பொது மீட்டர்லேருந்துதான் சார்ஜிங் பாயிண்ட் தருவோம்னு சங்கத்துல சொன்னா என்ன பண்றது? அதுக்கு 25 பைசாவா, 38ஆ?

மீட்டர்பாக்ஸ்
ரெண்டும் இல்லை. பொது மீட்டருக்கு இலவச 100 யூனிட்டும் கிடையாது, படியும் கிடையாது, முதல் யூனிட்லேருந்தே ஒரே விலை. ஒத்துக்காதீங்க. கீழ மீட்டர் போர்டுல உங்க பேர்ல இருக்கற மீட்டருக்கு அடுத்து ஒரு கிளை எடுத்து பார்க்கிங்குக்கு இழுங்க. வீட்டு இணைப்புலயே வீட்டு விலைக்குச் சார்ஜ் பண்ணலாம்னு மத்திய மின்துறை வழிகாட்டுதல்லயே இருக்கு.

ஸ்கூட்டர் சார்ஜர் 700, 800 வாட் சமாச்சாரம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 16 ஆம்பியர் எம்சிபி (லோடு ஏறினா தானா விழற சுவிட்ச்), 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா துண்டிக்கறது), நல்ல 16 ஆம்பியர் சாக்கெட். நாளைக்குக் கார் வரும்னா இப்பவே 4 சதுர மில்லிமீட்டர் போட்டுடுங்க. 3.3 கிலோவாட் சார்ஜர் ராத்திரி முழுக்க 15 ஆம்பியர் விடாம இழுக்கும். அதுல ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் சாக்கெட் உள்ளயே சுட்டு, பின் ஓட்டை பழுப்பாகி, பிளாஸ்டிக் இளகிடும். கன்வெர்ட்டர் பின் போட்டு 6 ஆம்பியர் சாக்கெட்ல சொருகவே கூடாது.

எர்த் முக்கியம். மல்டிமீட்டர்ல ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கம் காட்டணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2, 3 வோல்ட்டுக்கு மேல போகக்கூடாது. 20, 30ன்னு காட்டினா எர்த் செத்துப்போச்சுன்னு அர்த்தம். பல சார்ஜர் அந்த இடத்துல ஸ்டார்ட்டே ஆகாது. வண்டியில பழுதுன்னு ஷோரூமுக்குத் தள்ளிட்டுப் போவாங்க, பழுது சுவத்துல இருக்கும்.

எர்த்பிட்
ஆர்சிசிபி போடுங்கன்னு மொட்டையா சொல்லக்கூடாது. ஏசி டைப் (மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் பாக்கறது) போட்டா சார்ஜர்லேருந்து துடிப்பா வர்ற டிசி கசிவை அது உணராது. ஏ டைப்னு சொல்லணும். இவ்வளவு நீளமா எழுதறவருக்கு இது தெரியாதா?

மீட்டர்பாக்ஸ்
ஏ டைப்தான். ஒயரிங் தெரிஞ்சவனுக்கு அதைத் தனியா சொல்லத் தேவையில்லை. நீங்க போன தடவை அலுமினிய ஒயர் போதும்னு எழுதினவர், எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

எர்த்பிட்
மெயின் கேபிளுக்குச் சொன்னேன். பார்க்கிங் பாயிண்டுக்குச் சொல்லல. திரிச்சுப் பேசறது உங்க வழக்கம்.

கிளட்ச்கேபிள்
ஒயரிங் வகுப்பு முடிஞ்சுதா? 25 பைசா என்ன ஆச்சு?

பச்சைப்பலகை
300 யூனிட் வீட்டுக்கு 19ன்னு உங்க ஆளே எழுதிட்டாரு. 19 சின்னதா, 25 சின்னதா? அப்ப நான் சொன்னது உண்மையைவிட அதிகம். இதுல பொய் எங்க?

மீட்டர்பாக்ஸ்
நான் யார் ஆளும் இல்லை. 19 வர்றதுக்கு வீடு 400க்குள்ள நிக்கணும். வெயில் காலத்துல ஏசி ஓடுற வீட்டுல அது நடக்காது. அதுவும் 85 கிமீங்கறது 45, 50 வேகத்துல, ஒருத்தர் போனா. 65ல பின்னாடி ஆளோட போனா, டயர்ல காத்து 5 பவுண்டு குறைஞ்சிருந்தா, 65 கிமீதான் வரும். அப்ப 3.5 பை 65, 0.054 யூனிட். 700 யூனிட் வீட்டோட 9.45ஆல பெருக்கிப் பாருங்க, 51 பைசா.

வாய்ச்சண்டை வேண்டாம், மீட்டரே சொல்லும். மீட்டர் முகத்துல "3200 இம்ப்"னு அச்சடிச்சிருக்கும், சிலதுல 1600. அதுக்குப் பக்கத்துல ஒரு சின்ன சிவப்பு விளக்கு சிமிட்டும். 3200 தடவை சிமிட்டினா ஒரு யூனிட். வீட்டுல எல்லாத்தையும் அணைச்சுட்டு, இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ், வைஃபை உட்பட, சார்ஜரை மட்டும் போடுங்க. ஒரு நிமிஷம் எண்ணுங்க. 40 சிமிட்டு வந்தா 750 வாட். அதை மொத்த சார்ஜ் நேரத்தால பெருக்கினா சுவத்துலேருந்து போனது எவ்வளவுன்னு வந்துடும். 3 வராது, 3.5 பக்கம்தான் வரும்.

பச்சைப்பலகை
தப்பு. 90 சதவீதத்துக்கு மேல சார்ஜர் தானா குறைச்சுக்கும். ஆரம்பத்துல எண்ணின 40ஐக் கடைசி வரைக்கும் பெருக்கினா யூனிட் ஏறித்தான் காட்டும். இப்படித்தான் 3.5 வந்துதா?

மீட்டர்பாக்ஸ்
20, 50, 95 சதவீதத்துல மூணு தடவை எண்ணணும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இல்லேன்னா மீட்டர் ரீடிங்கை முன்னாடியும் பின்னாடியும் எழுதிக் கழிங்க. அப்பவும் 3.5.

பச்சைப்பலகை
இப்பதான் "மூணு தடவை" வருது. மேல எழுதினதுல ஒரு தடவைதான் இருக்கு. ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க.

கிளட்ச்கேபிள்
ஒரு தடவையோ மூணு தடவையோ, 25 வருதா வரலையா? அதைச் சொல்லுங்க.

எர்த்பிட்
1600 மீட்டருக்கு 40 சிமிட்டுன்னா 1,500 வாட். அதையும் சொல்லாம விட்டுட்டாரு.