கடன் செயலி தொடர்பு எண்களைக் கேட்டால்: எந்த அனுமதியைக் கொடுக்கலாம், எதை மறுக்க வேண்டும்?

மலைக்கோட்டை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பி, வாட்ஸ்அப்பில் வந்த ஓர் இணைப்பின் வழியாகக் கடன் செயலி ஒன்றை இறக்கி 5,000 ரூபாய் கேட்டிருக்கிறான். கணக்கில் வந்து சேர்ந்தது 3,200 ரூபாய்தான். மீதியை பிராசசிங் கட்டணம் என்று பிடித்துக்கொண்டு, ஏழே நாளில் முழுத் தொகையையும் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஏழாம் நாள் காலையிலேயே எங்கள் சித்தப்பாவுக்கும், அவனுடைய சூப்பர்வைசருக்கும், பல வருடமாகப் பேசாத பள்ளித் தோழன் ஒருவனுக்கும் அவன் புகைப்படத்தோடு ‘மோசடிக்காரன்’ என்று செய்தி போய்விட்டது.

செயலியைத் திறந்தபோது தொடர்பு எண்கள், புகைப்படங்கள், குறுஞ்செய்தி, இருப்பிடம் என்று நான்கு அனுமதிகளை வரிசையாகக் கேட்டதாகவும், ஒன்றை மறுத்தாலும் தானாக மூடிக்கொண்டதாகவும் சொல்கிறான். இப்போது செயலியை நீக்கினால் போதுமா? இதையெல்லாம் கேள்விப்பட்ட எங்கள் அம்மா, சமையல் கேஸ் பதிவு செய்யும் செயலியைக்கூடத் தொடப் பயப்படுகிறார். எந்தச் செயலிக்கு எந்த அனுமதி நியாயமானது என்பதை அவருக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது?

நெய்தல் எழுதியது:

வணக்கம். முதலில், அந்தச் செயலியை உடனே நீக்கிவிட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். செயலியின் பெயர், கடன் தொகையும் கெடுவும் தெரியும் திரை, பணம் வந்த கணக்கின் விவரம், மிரட்டல் செய்திகள், அவை வந்த எண்கள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு போனுக்கு அனுப்பி வைத்த பிறகு நீக்கட்டும். நீக்குவது இனிமேல் போகக்கூடியதைத்தான் தடுக்கும். அனுமதி கொடுத்த நொடியிலேயே தொடர்பு எண்கள் மொத்தமும் அவர்களுடைய சர்வருக்குப் போயிருக்கும், அதைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே, உறவினர்களுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் ‘என் எண்கள் திருடப்பட்டுள்ளன, இப்படிச் செய்தி வந்தால் பதில் அளிக்காமல் எனக்கு அனுப்பி வையுங்கள்’ என்று அவனே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. மிரட்டுகிறவர்களின் பலமே கடன் வாங்கியவர் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்வதில்தான் இருக்கிறது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2 அன்று வெளியிட்ட டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்களின்படியும், அவற்றுக்குப் பதிலாக 2025இல் வந்த விதிகளின்படியும், கடன் செயலி எதுவும் போனில் உள்ள கோப்புகள், படங்கள், தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல் ஆகியவற்றைத் தொடக் கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் போன்றவற்றை, வாடிக்கையாளரைச் சேர்த்துச் சரிபார்க்கும் தேவைக்காக மட்டும், வெளிப்படையான ஒப்புதலோடு ஒரே ஒரு முறை கேட்கலாம். கூகுள் பிளே ஸ்டோரும் 2023 மே 31 முதல் தனிநபர் கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் அணுகக் கூடாது என்று தடை போட்டுவிட்டது. எனவே தொடர்பு எண்களைக் கேட்கிற கடன் செயலி, வட்டி எவ்வளவு, கெடு எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்பே, தான் விதிக்குக் கட்டுப்பட்டதல்ல என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆதாரங்களோடு 1930 என்ற எண்ணிலும் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் கொடுங்கள். அனுமதியில்லாமல் கடன் கொடுப்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்திலும் தெரிவிக்கலாம். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பயன்படுத்தும் கடன் செயலிகளின் பட்டியல் 2025 முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலேயே இருக்கிறது. இனி யாருக்காவது கடன் தேவைப்பட்டால் அதைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

கொங்குவாசி எழுதியது:

நெய்தல் சொன்னதோடு அம்மாவின் போனைப் பற்றியும் சேர்த்துக்கொள்கிறேன். அவருக்கு விதிகளைச் சொல்ல வேண்டாம். ‘இந்த வேலைக்கு இது எதற்கு?’ என்று ஒவ்வொரு தடவையும் கேட்கச் சொல்லுங்கள், போதும். டாக்சி செயலிக்கு இருப்பிடம் தேவை, அதுவும் வண்டி கூப்பிடும் நேரத்துக்கு மட்டும். கேஸ் பதிவு செய்ய மைக் எதற்கு? டார்ச் விளக்குக்குத் தொடர்பு எண்கள் எதற்கு? காரணம் பிடிபடாத அனுமதியை மறுத்தால் ஒழுங்கான செயலி பெரும்பாலும் அந்த ஒரு வசதி இல்லாமல் வேலை செய்யும். மறுத்தவுடன் மூடிக்கொள்கிறது என்றால், அதுவே அதை நீக்குவதற்குப் போதுமான காரணம்.

ஆண்ட்ராய்டு 11 முதல் கேமரா, மைக், இருப்பிடம் ஆகிய மூன்றுக்கும் ‘இந்த முறை மட்டும்’ என்ற தேர்வு வருகிறது. அம்மாவை அதையே தொடப் பழக்குங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல், கேமராவோ மைக்கோ வேலை செய்யும்போது திரையின் மேல் மூலையில் பச்சைக் குறி தெரியும். அதே பதிப்பில் வந்த பிரைவசி டேஷ்போர்டைத் திறந்தால், கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி எத்தனை மணிக்கு இருப்பிடத்தைப் பார்த்தது, எது மைக்கைத் திறந்தது என்று நேர வரிசையில் காட்டும். அம்மாவோடு உட்கார்ந்து அதை ஒரு முறை திறந்து காட்டுங்கள். பத்து அறிவுரையைவிட அந்த ஒரு திரை அவருக்கு நன்றாக விளங்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஐஓஎஸ் 18 முதல் தொடர்பு எண்களில் குறிப்பிட்ட சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம்.

இருப்பிடத்தையும் கேமராவையும்விடக் கூடுதலாக நான் அஞ்சுவது மூன்று அனுமதிகளுக்கு: குறுஞ்செய்தி படிப்பது, நோட்டிஃபிகேஷன் படிப்பது, ஆக்சசிபிலிட்டி. முதல் இரண்டில் ஒன்று கிடைத்தாலே வங்கி அனுப்பும் ஓடிபி உங்கள் கண்ணில் படுமுன் அவர்கள் கைக்குப் போய்விடும். மூன்றாவது, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டுவது போன்ற உதவிகளுக்காக உருவாக்கப்பட்டது. அதைத் தவறான செயலிக்குக் கொடுத்தால், திரையில் இருப்பதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகப் பொத்தானைத் தொடவும் அதனால் முடியும். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகள் (தொட்டால் போனில் ஒரு செயலியை நிறுவுபவை) தேடி வருவது இந்த அனுமதிகளைத்தான். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், ஏபிகே ஆக வராது என்பதை அம்மாவுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தம்பி ஸ்கிரீன்ஷாட்டுகளை எனக்கு அனுப்பிவிட்டு, 1930க்கும் பேசிவிட்டான். இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. அவர்களிடம் இருக்கும் எங்கள் விவரங்களை அழிக்கச் சொல்லிச் சட்டப்படி கேட்க முடியுமா? இன்னொன்று, செயலியை நீக்கப் போனால் ‘அன்இன்ஸ்டால்’ பொத்தான் மங்கலாக இருக்கிறது, தொட்டாலும் நகரவில்லை என்கிறான்.

நெய்தல் எழுதியது:

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. தரவை அழிக்கக் கேட்கும் உரிமை அதில் இருக்கிறது. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் முழுமையாக நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. முகவரியே இல்லாத கும்பலிடம் அந்த உரிமையை எடுத்துக்கொண்டு போய் நிற்பதில் பயன் இல்லை. இங்கே காவல்துறைப் புகார்தான் வழி. வங்கி, காப்பீடு, மருத்துவமனை போன்ற முகவரியுள்ள நிறுவனங்களின் செயலிகளிடம் கேட்க அந்த உரிமை உதவும்.

கொங்குவாசி எழுதியது:

பொத்தான் மங்கலாக இருந்தால், அந்தச் செயலி பெரும்பாலும் ‘டிவைஸ் அட்மின்’ என்ற, போனையே நிர்வகிக்கும் அதிகாரத்தை வாங்கி வைத்திருக்கும். செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் ‘டிவைஸ் அட்மின்’ என்று தேடினால் பட்டியல் வரும்; அங்கே அதன் எதிரில் உள்ளதை அணைத்துவிட்டு, பிறகு நீக்கலாம். ஆக்சசிபிலிட்டி பட்டியலிலும் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்த்து அணைக்கச் சொல்லுங்கள். அணைக்கப் போகும்போதே திரை பின்னால் ஓடினால், போனை சேஃப் மோடில் திறந்து செய்ய வேண்டும். அந்த நிலையில், போனோடு வராமல் நாமாக நிறுவிய செயலிகள் இயங்காது. அதுவும் பலிக்கவில்லை என்றால், படங்களை மட்டும் வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்து, போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடலாம்.

வங்கிச் செயலியின் கடவுச்சொல், யுபிஐ பின், மின்னஞ்சல் கடவுச்சொல் மூன்றையும் மாற்றட்டும். அதை இந்தப் போன் சுத்தமாகும் முன் இதிலேயே செய்ய வேண்டாம். இல்லையென்றால் புதிய கடவுச்சொல்லும் பின்னும் அவர்களுக்கே போய்ச் சேரும். அதுவரை வங்கியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு வேறு போனிலிருந்து பேசி, கணக்கில் யுபிஐயை நிறுத்தி வைக்கச் சொல்லலாம்.