போனில் நெட் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை. வைரஸா?

அச்சுக்கோர்ப்பு:
வணக்கம். வீட்டிலிருந்தே புத்தகப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். விண்டோஸ் 11 டெஸ்க்டாப். நேற்று மாலை திடீரென்று நெட் நின்றுவிட்டது. நின்றது என்றும் சொல்ல முடியவில்லை. வைஃபை குறி முழுசாக இருக்கிறது, "கனெக்டட்" என்கிறது, ஆனால் குரோமில் ஒரு தளமும் திறப்பதில்லை. எட்ஜிலும் அதே கதை. அதே வைஃபையில் போனுக்கு ஒரு குறையும் இல்லை.

முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், சம்பந்தம் இருக்கலாம். கொஞ்ச நாளாகவே கம்ப்யூட்டரின் போக்கு சரியில்லை. கூகுளில் ஏதாவது தேடினால் பட்டென்று வேறொரு பக்கத்துக்குத் தாவி, அங்கிருந்து யாஹூ முடிவுகள் வந்து நிற்கும். விளம்பரமே போடாத அகராதித் தளத்தில்கூட விளம்பரம். வலது மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று சிவப்புப் பெட்டி. நேற்று விண்டோஸ் டிஃபெண்டரே முழித்துக்கொண்டு எதையோ பிடித்துத் தனியே அடைத்துவிட்டதாகச் சொன்னது. அப்பாடா என்று இருந்தேன். நெட் போனது அதற்கப்புறம்தான்.

நெட் கம்பெனியைக் கூப்பிட்டால் ரவுட்டரை அணைத்துப் போடு என்றார்கள், அப்புறம் ரீசெட் செய் என்றார்கள், கடைசியில் புது ரவுட்டர் வாங்கு என்றார்கள். என் கணவர் "ஃபார்மட் அடித்துவிடு" என்கிறார். அவருக்கு எல்லா நோய்க்கும் அந்த ஒரு மருந்துதான். பாதி முடித்த புத்தகம், வருஷக்கணக்கில் சேர்த்த ஃபான்ட்கள், எல்லாம் இதில்தான் கிடக்கின்றன. ஃபார்மட் இல்லாமல் வழி உண்டா?

ரீஸ்டார்ட்ராஜா:
மேடம், உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி. வைரஸ் வந்த மெஷினை நம்பக் கூடாது. பேக்கப் எடுத்துட்டு விண்டோஸைப் புதுசாப் போடுங்க. அரை நாள் வேலை, முடிஞ்சுது.

நாலாவதுமாடி:
ராஜா, நோய் என்னன்னு தெரியாமலே ஆபரேஷன் பண்ணச் சொல்றீங்க. அக்கா, அவசரப்படாதீங்க. முதல்ல சில விஷயம் பார்த்துச் சொல்லுங்க.

ஸ்டார்ட் மெனுவில் "சிஎம்டி" என்று அடித்தால் ஒரு கறுப்பு ஜன்னல் வரும். அதில் பிங் என்ற கட்டளை, ஒரு இடைவெளி, 8.8.8.8 என்று போட்டு என்டர் தட்டுங்க. பதில் வருதா பாருங்க. அடுத்து அந்த எண்ணுக்குப் பதிலா ஏதாவது ஒரு பெரிய தளத்தின் பெயரைப் போட்டுப் பாருங்க. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரலைன்னா டிஎன்எஸ்ஸில் கோளாறு, அதாவது பெயரை எண்ணாக மாற்றித் தரும் இடத்தில். ரெண்டுக்கும் வரலைன்னா வைஃபை, டிரைவர், கேபிள் பக்கம் போகணும். ரெண்டுக்கும் வந்தா விஷயம் சுவாரசியமா இருக்கு.

குரோம் திறக்க மாட்டேன்னு சொல்லும்போது பெரிய எழுத்தில் வர்றதை விட்டுடுங்க. அதுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் சின்னதா ஒரு வரி இருக்கும், அதை அப்படியே எழுதுங்க. யாரும் அதைப் படிக்கிறதில்லை, பாதி வைத்தியம் அதில்தான் இருக்கு.

அந்தக் கம்ப்யூட்டரில் வேறு யாருக்காவது தனி லாகின் இருக்கா? இருந்தா அதில் நுழைஞ்சு நெட் வருதான்னு பாருங்க.

அச்சுக்கோர்ப்பு:
எண்ணுக்கும் பதில் வருகிறது, பெயருக்கும் வருகிறது. நான்கு வரி, ஒவ்வொன்றிலும் "ரிப்ளை" என்று.

குரோமின் சின்ன வரி: "எர்ர் ப்ராக்ஸி கனெக்‌ஷன் ஃபெயில்ட்". சாம்பல் நிறம்தான், கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படித்தேன்.

மகளுக்குத் தனி லாகின் உண்டு. அதில் நெட் அருமையாக வருகிறது! இதைக் கண்டுபிடித்ததில் அவளுக்கு ஒரே கொண்டாட்டம். வீட்டில் எல்லோருக்கும் அவள்மேல்தான் சந்தேகம். அவள் விசாரணை நடத்தியதில், என் லாகினில் உட்கார்ந்து பிடிஎஃப்பை வேர்டாக மாற்றும் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கியது ஃபார்மட் நிபுணரான என் கணவர்தான் என்று தெரியவந்திருக்கிறது.

நாலாவதுமாடி:
தங்கச்சிக்கு நியாயம் கிடைச்சதில் சந்தோஷம். கதை இப்போ தெளிவா இருக்கு.

பிரவுசர் நேரா இணையத்துக்குப் போகாம, நடுவில் ஒருத்தர் மூலமா போகும்படி விண்டோஸில் ஒரு ஏற்பாடு உண்டு. அதுதான் ப்ராக்ஸி. அலுவலகங்களில் நியாயமான காரணத்துக்கு வச்சிருப்பாங்க. விளம்பரம் திணிக்கிற மென்பொருள்கள் இதையே பயன்படுத்தும். உங்க கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு தரகனை உட்கார வச்சு, எல்லா பக்கமும் அவன் கை வழியாப் போகும்படி செட்டிங்கை மாத்திடும். அவன் நடுவில் விளம்பரம் செருகுவான், தேடலைத் திருப்பிவிடுவான். டிஃபெண்டர் தரகனைப் பிடிச்சு அடைச்சிடுச்சு. ஆனா "எல்லாத்தையும் அவன்கிட்டே கொடு" என்கிற உத்தரவை யாரும் ரத்து பண்ணலை. குரோம் இன்னும் ஆளில்லாத இடத்தில் போய் நிக்குது. பிங் ப்ராக்ஸி வழியாப் போறதில்லை, அதனால் அதுக்கு ஒண்ணும் ஆகலை. இந்த செட்டிங் ஒவ்வொரு லாகினுக்கும் தனி, அதனால் மகள் பக்கம் பாதிப்பில்லை.

செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ப்ராக்ஸி. அங்கே "மேனுவல் ப்ராக்ஸி செட்டப்" பகுதியில் 127.0.0.1 என்று ஒரு முகவரி இருக்கும்னு நினைக்கிறேன். அது உங்க கம்ப்யூட்டரே தன்னைக் குறிக்கிற எண். பக்கத்தில் போர்ட் எண் இருக்கும், குறிச்சு வச்சுட்டு அணைச்சிடுங்க. மேலே "யூஸ் செட்டப் ஸ்கிரிப்ட்" என்பதும் அணைஞ்சிருக்கணும்.

பழங்கணினி:
இடையில் ஒரு பழைய நினைவு. டிஎன்எஸ் சேஞ்சர் என்று ஒரு தீய மென்பொருள் 2007 வாக்கில் பரவத் தொடங்கியது. கம்ப்யூட்டரின் டிஎன்எஸ்ஸைத் தன் சர்வர்களுக்குத் திருப்பிவிடும், ரவுட்டரையும் விட்டுவைக்காது. 2011 நவம்பரில் எஃப்.பி.ஐ. கும்பலைப் பிடித்தபோது சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் மாட்டியிருந்தன. அந்த சர்வர்களை உடனே அணைத்தால் அத்தனை பேருக்கும் நெட் போய்விடும் என்பதால், நீதிமன்ற அனுமதியோடு அதே இடத்தில் நல்ல சர்வர்களை ஓட்டினார்கள். 2012 ஜூலை 9 அன்று அவற்றை அணைத்தார்கள். அதுவரை சுத்தம் செய்யாதவர்களுக்கு அன்றோடு நெட் போச்சு. அம்மா, உங்கள் ரவுட்டரின் டிஎன்எஸ்ஸையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நாலாவதுமாடி:
பழங்கணினி ஐயா, நல்ல உதாரணம். ஆனா இங்கே ரவுட்டர்மேல் எனக்குச் சந்தேகமில்லை. அது கெட்டிருந்தா போனும் மகள் லாகினும் சேர்ந்து கெட்டிருக்கணும்.

அச்சுக்கோர்ப்பு:
நீங்கள் சொன்ன அதே 127.0.0.1. அணைத்தேன். நெட் வந்துவிட்டது! நிலுவையில் இருந்த இரண்டு அத்தியாயங்களை அனுப்பிவிட்டு, நன்றி எழுத உட்கார்ந்தால் மறுபடியும் போய்விட்டது. ப்ராக்ஸி பக்கத்தில் பார்த்தால் அது தானாக ஆன் ஆகியிருக்கிறது. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட்கூடச் செய்யவில்லை. அணைத்தால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆன். பேய் பிடித்திருக்கிறதா?

ரீஸ்டார்ட்ராஜா:
ஃபார்மட். நான் அப்பவே சொன்னேன்.

நாலாவதுமாடி:
தானா ஆன் ஆகுதுன்னா, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை எதுவோ ஓடி அதை ஆன் பண்ணுது. டாஸ்க் ஷெட்யூலர் என்று ஸ்டார்ட் மெனுவில் தேடுங்க. இடது பக்கம் "டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி"யைத் தட்டினா நடுவில் பட்டியல் வரும். பெயரை நம்பாதீங்க, எல்லாம் "அப்டேட்" என்றுதான் பெயர் வச்சிருக்கும். ஒவ்வொண்ணுக்கும் கீழே "ஆக்‌ஷன்ஸ்" என்ற இடத்தில் எந்தக் கோப்பை ஓட்டுதுன்னு இருக்கும், அதைப் பாருங்க. ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இருந்து ஓடுறது பெரும்பாலும் நியாயமானது. ஆப்டேட்டா (ஒவ்வொரு லாகினுக்கும் மென்பொருள்கள் தங்கள் தகவல்களைப் போட்டு வைக்கிற இடம்) ஃபோல்டருக்குள்ளே இருந்து ஒரு ஸ்கிரிப்ட் கோப்பு, அதாவது கட்டளைகளை வரிசையா எழுதி வச்ச கோப்பு, ஓடுதுன்னா அங்கே நிறுத்துங்க. நல்ல மென்பொருள் சிலதும் ஆப்டேட்டாவில் குடியிருக்கும், அதனால் அழிக்க வேண்டாம். வலது க்ளிக் பண்ணி "டிஸேபிள்" மட்டும் பண்ணிட்டு இங்கே சொல்லுங்க. அந்த ஸ்கிரிப்டை டபுள் க்ளிக் பண்ணாதீங்க, ஓடிடும். நோட்பேடில் திறந்து பாருங்க.

அச்சுக்கோர்ப்பு:
கிடைத்தது. "பிரவுசர் அப்டேட்" என்று பெயர், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஓட்டுவது ஆப்டேட்டா, ரோமிங் என்ற ஃபோல்டருக்குள் தாறுமாறான எழுத்துகளில் பெயர் வைத்த ஒரு ஸ்கிரிப்ட். நோட்பேடில் நடுவே "ப்ராக்ஸிஎனேபிள்" என்ற சொல் கண்ணில் பட்டது, பக்கத்தில் 1. டிஸேபிள் செய்தேன். இரவு முழுக்க நெட் நிற்கவில்லை.

இன்னொன்று. குரோமின் மூன்று புள்ளி மெனுவில் அடியில் "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று வருகிறது. என் நிறுவனத்தில் நான் ஒருத்திதான், நான் எதையும் நிர்வகிக்கவில்லை.

நாலாவதுமாடி:
ப்ராக்ஸிஎனேபிள் 1 என்றால் ஆன், 0 என்றால் ஆஃப். ஆளைப் பிடிச்சாச்சு. இப்போ அந்த டாஸ்க்கையும் ஸ்கிரிப்டையும் அழிக்கலாம்.

நிறுவனம் என்று வர்றது குரோமில் ஏதோ கொள்கை (நிர்வாகி போடுற கட்டாய செட்டிங்) திணிக்கப்பட்டிருக்குன்னு அர்த்தம். உங்க வீட்டில் அதுக்கு வேலையில்லை. அந்த வரியையே தட்டினா என்னென்னன்னு காட்டும். பெரும்பாலும் ஒரு எக்ஸ்டென்ஷனை (பிரவுசரில் ஒட்டிக்கிற குட்டி மென்பொருள்) நீக்க முடியாதபடி பூட்டி வச்சிருக்கும். சில ஆன்டிவைரஸ்களும் இப்படிப் பண்ணும், அதனால் பெயரைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. மால்வேர்பைட்ஸின் அட்வ்க்ளீனர் இந்த வகை அழுக்குக்குன்னே உள்ள இலவசக் கருவி, அதை ஓட்டுங்க. அதுக்கப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேன். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுசா எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே தேடும். கால் மணி நேரம் ஆகலாம். திறந்திருக்கும் பக்கங்களை முதல்ல சேவ் பண்ணுங்க.

மூலையில் வர்ற சிவப்புப் பெட்டி வைரஸ் இல்லை. ஏதோ தளத்துக்கு "அறிவிப்பு அனுப்பலாம்"னு அனுமதி போயிருக்கு. குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் தெரியாத தளத்தை எல்லாம் நீக்குங்க.

எனக்கு உண்மையிலேயே கவலை தர்ற கேள்வி வேறே. இப்போ அநேகமா எல்லா தளமும் ஹெச்டிடிபிஎஸ், பூட்டுப் போட்டது. நடுவில் இருக்கிறவனால் உள்ளே என்ன போகுதுன்னு படிக்க முடியாது, விளம்பரமும் செருக முடியாது. ஆனா உங்க அகராதித் தளத்தில் விளம்பரம் வந்திருக்கு. அது எக்ஸ்டென்ஷன் வேலையா இருக்கலாம். இல்லைன்னா தன்னை நம்பும்படி விண்டோஸிலேயே ஒரு போலிச் சான்றிதழ் (தளம் உண்மையானதுன்னு பிரவுசருக்கு உறுதி சொல்ற டிஜிட்டல் சீட்டு) நட்டிருக்கணும். அது இருந்தா நடுவில் இருக்கிறவன் பூட்டைத் திறந்து படிக்கலாம். ஸ்டார்ட் மெனுவில் "மேனேஜ் யூசர் சர்டிஃபிகேட்ஸ்" என்று தேடுங்க. "ட்ரஸ்டட் ரூட்" பட்டியலில் அந்த பிடிஎஃப் மென்பொருளின் பெயரோ, வாயில் நுழையாத பெயரோ இருக்கா? மற்றதைத் தொடாதீங்க, அங்கே இருக்கிற நல்ல சான்றிதழை அழிச்சா வேறு தலைவலி வரும்.

அச்சுக்கோர்ப்பு:
இருக்கிறது. அந்த மென்பொருளின் பெயரோடு "ரூட் சிஏ" என்று சேர்த்து. கணவர் அதை இறக்கிய அதே தேதி.

நாலாவதுமாடி:
அப்படின்னா அந்த நாட்களில் உங்க லாகினில் நீங்க அடிச்ச பாஸ்வேர்டு எதையும் அவன் பார்த்திருக்க முடியும் என்றே வச்சுக்கணும். பார்த்தானான்னு நம்மால் சொல்ல முடியாது. சான்றிதழை அழிச்சுடுங்க. பாஸ்வேர்டுகளைப் போனிலிருந்து மாத்துங்க, இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வேண்டாம். முதல்ல மெயில், மற்ற எல்லாத்துக்கும் சாவி அதில்தான் வருது. மாத்தின கையோடு "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" கொடுங்க. நீங்க ஏற்கனவே உள்ளே நுழைஞ்சாச்சுன்னு தளத்துக்குக் காட்டுற குறிப்பான குக்கீயைத் தூக்கிட்டுப் போனவனுக்கு பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். மெயிலில் உங்களுக்குத் தெரியாம ஏதாவது ஃபார்வர்டிங் போட்டிருக்கான்னும் பாருங்க. வங்கி வேலை இதில் பண்ணினீங்களா?

ராஜாவுக்கு: சான்றிதழ் வரை போயிருப்பதால் இப்போ நானும் உங்க பக்கம்தான். முதல் நாளே பண்ணியிருந்தா பாஸ்வேர்டு மாத்தணும்கிற விஷயமே வெளியே வந்திருக்காது. புது விண்டோஸ், பழைய பாஸ்வேர்டு.

ரீஸ்டார்ட்ராஜா:
சரி சரி. கடைசியில் ஃபார்மட்தானே.

அச்சுக்கோர்ப்பு:
வங்கி எல்லாம் போனில்தான். மெயில், வேலைக்கான கணக்குகள் எல்லாம் மாற்றிவிட்டேன். ஸ்கேன்களில் குப்பை கொஞ்சம் வந்தது, குரோம் "நிறுவனம்" ஒழிந்தது. புத்தகம் அச்சுக்குப் போனதும் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுகிறேன். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை, ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். பேக்கப்பில் ஃபான்ட் கோப்புகளை அப்படியே எடுக்கலாமா? அவற்றில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வருமா?

நாலாவதுமாடி:
ஃபான்ட், பக்க வடிவமைப்புக் கோப்பு, படம், பிடிஎஃப் எல்லாம் எடுத்துக்கோங்க, பிரச்சினை இல்லை. புதுசா போட்ட பிறகு அந்த பேக்கப்பை டிஃபெண்டர் கொண்டு ஒரு தடவை ஸ்கேன் பண்ணிட்டுத் திறங்க. டவுன்லோட்ஸில் சேர்த்து வச்சிருக்கும் இன்ஸ்டாலர்களை மட்டும் எடுக்காதீங்க, ஒவ்வொண்ணையும் அதை உருவாக்கினவங்க தளத்திலிருந்தே புதுசா இறக்குங்க. ஆப்டேட்டாவையும் மொத்தமா நகல் எடுக்க வேண்டாம்.

இதைவிட முக்கியம் குரோம். புது விண்டோஸில் உங்க கணக்கில் நுழைஞ்சதும் பழைய எக்ஸ்டென்ஷன்களை எல்லாம் அதுவே வரிசையாத் திரும்பக் கொண்டுவந்துடும். அதனால் இப்பவே இந்தப் பழைய விண்டோஸில் தெரியாத எக்ஸ்டென்ஷன்களை நீக்கிடுங்க. சிங்க் (கணக்கு வழியா கருவிகளை ஒத்திசைக்கிற) செட்டிங்கில் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதையும் அணைச்சிடுங்க. அப்புறம் உங்க வீட்டுக்காரருக்கும் ஒரு தனி லாகின் போட்டுக் கொடுங்க, அட்மின் உரிமை இல்லாம.