எஸ்கேஎஸ் பிளவு: வேக அச்சு ஏன் இப்படித் தாவுகிறது?

கேள்வி:
எஸ்கேஎஸ் (புவியின் வெளிக்கருவைக் கடந்து வரும் நிலநடுக்க அலை), திசைக்குத் திசை வேகம் மாறும் பாறையில் இரண்டாகப் பிரிவதை அளக்கிறேன். ஒரே நிலையம், 14 நிலநடுக்கங்கள், தொலைவு 90–130 பாகை (புவி மையத்தில் அளந்த கோணம்). பிரிந்த இரண்டு அலைகளுக்கு இடையிலான தாமதம் பலவற்றில் 1.1 வினாடி, மூன்றில் மட்டும் 3.5. வேக அச்சும் (முந்தி வரும் அலை அதிரும் திசை) 40 பாகை வரை மாறுகிறது. எங்கே தவறு?

பதில் 1:
அந்த 3.5ஐ நம்பாதீர்கள், பிளவில்லா அளவீடாக இருக்கும். அலை வரும் திசை வேக அச்சுக்கு இணையாகவோ செங்குத்தாகவோ அமைந்தால் பிளவு தெரியாது. குறுக்குக் கூறில் (அலை வரும் திசைக்குக் குறுக்கான அசைவில்) இரைச்சல்தான் மிஞ்சும். ஆற்றல் குறைப்பு முறை (அந்தக் குறுக்கு அசைவை மிகக் குறைக்கும் அச்சையும் தாமதத்தையும் தேடுவது) அப்போது தாமதத்தைத் தேடல் எல்லைக்கே தள்ளிவிடும். சுழற்சி-ஒப்புமை முறையிலும் (இரண்டு அலைகளும் மிக ஒத்துப்போகும் சுழற்சியைத் தேடுவது) ஓட்டுங்கள்: அச்சு சுமார் 45 பாகை விலகி, தாமதம் பூஜ்ஜியத்தை ஒட்டினால் சந்தேகமே வேண்டாம். துகள் இயக்கப் படத்தையும் (தரை அசைந்த பாதையின் வரைபடம்) பாருங்கள். பிளவைத் திருத்தும் முன்பே நேர்கோடா? அப்படியானால் பிளவில்லை.

பதில் 2:
முதலில் கருவியின் வடக்கு சரியா என்று பி அலையை (முதலில் வந்து சேரும் நிலநடுக்க அலை) வைத்துச் சோதியுங்கள். பலர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்! மீதி அளவீடுகளில் அச்சு, அலை வரும் திசையோடு 90 பாகைக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப மாறினால் வேக அச்சு வேறுபட்ட இரண்டு பாறை அடுக்குகள் இருக்கலாம். 14 நிகழ்வுகள் அதற்குப் போதாது.

கேள்வி கேட்டவர்:
பிளவு எந்த ஆழத்தில் நடக்கிறது என்று தெரியுமா?

பதில் 1:
இதை மட்டும் வைத்துத் தெரியாது. அலை கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறுகிறது. 4% திசைவேறுபாடு (திசைக்குத் திசை வேக மாற்றம்) என்று கொண்டால் 1 வினாடிக்குச் சுமார் 110 கி.மீ. தடிமன். அது எந்த ஆழத்தில் என்பதற்கு மேற்பரப்பு அலைகள் வேண்டும்.