நான்கு கோடிக் கட்டடங்களுக்கு அப்டேட்: வேலையைப் பிரித்து ஓட்டலாமா?

கணக்கன்: போஸ்ட்ஜிஐஎஸ் (போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வரைபட நீட்சி) அட்டவணை ஒன்றில் நான்கு கோடிக் கட்டடங்கள். ஒவ்வொன்றும் எந்த நிர்வாக எல்லைக்குள் விழுகிறது என்று கண்டு, அந்த எல்லையின் எண்ணை ஒரு புலத்தில் நிரப்ப வேண்டும். ஒரே அப்டேட் கட்டளை விடிய விடிய ஓடுகிறது. சர்வரில் பதினாறு கோர், உழைப்பது ஒன்றுதான். தரவுத்தளத்துக்கு எட்டு இணைப்புகள் திறந்து, வேலையைப் பிரித்து ஓட்டலாமா?

அகலாங்கு: தாராளமாக. போஸ்ட்கிரெஸ் 9.6 முதல் தேடலைப் பல கோர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது; அப்டேட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. நாம்தான் வெட்ட வேண்டும். முதன்மை எண்ணை வைத்து நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாக வெட்டுங்கள். கை ஓய்ந்த இணைப்பு அடுத்த துண்டை எடுத்துக்கொள்ளட்டும். ஒரே பதிவை இருவர் தொடாததால் பூட்டுச் சண்டை வராது. வரைபடத்தைக் கட்டம் போட்டு மட்டும் பிரிக்காதீர்கள். நகரம் விழுந்த கட்டம் காலைவரை ஓடும், பாலைவனக் கட்டம் நொடியில் முடிந்து சும்மா நிற்கும்.

நிழல்வரி: இது குப்பையை எட்டு கைகளால் கொட்டும் யோசனை. அப்டேட் பழைய பதிவைத் திருத்துவதில்லை. புதுப் பிரதியை எழுதிவிட்டுப் பழையதை அங்கேயே விட்டுவிடுகிறது. நான்கு கோடியையும் தொட்டால் அட்டவணை ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஃபில்ஃபேக்டர், அதாவது பக்கத்தை எத்தனை சதவீதம் நிரப்பலாம் என்ற அளவு, இயல்பாகவே 100 என்பதால் பக்கங்களில் இடமிருக்காது. பிரதி வேறு பக்கத்துக்குப் போகும். உடனே எல்லா இண்டெக்ஸிலும் புது நுழைவு. வடிவம் ஒரு புள்ளிகூட மாறவில்லை, ஆனாலும் வடிவத்தை இடம் பார்த்துத் தேட உதவும் ஜிஸ்ட் இண்டெக்ஸ் வீங்குகிறது! ‘கிரியேட் டேபிள் ஆஸ்’ கொண்டு புது அட்டவணையாக எழுதுங்கள். பதிப்பு 11 முதல் அதன் தேடல் பகுதி பல கோர்களில் ஓடும். இண்டெக்ஸைக் கடைசியில் கட்டிப் பெயரை மாற்றினால் முடிந்தது.

அகலாங்கு: முடிந்ததா? வியூக்கள் (சேமித்து வைத்த தேடல்கள்) அட்டவணையின் பெயரைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை, உள் எண்ணைப் பிடித்திருக்கின்றன. பெயரை மாற்றிய பிறகும் அவை பழைய அட்டவணையையே காட்டும். டிரிகர் (மாற்றம் நடந்தால் தானே ஓடும் நிரல்), அனுமதி, ஃபாரின் கீ (வேறு அட்டவணையோடு உள்ள பிணைப்பு) எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். நடுவில் யாராவது ஒரு கட்டடத்தைத் திருத்தியிருந்தால் அதுவும் போயிற்று.

நிழல்வரி: உங்கள் வழியில் பாதித் துண்டுகள் பதிவான பிறகு சர்வர் விழுந்தால் பாதி புதியது, பாதி பழையது. முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காது என்னும் ஒரே டிரான்ஸாக்‌ஷன் என்ற காப்பை நீங்களே கழற்றிவிட்டீர்களே.

அகலாங்கு: புலம் காலியாக உள்ளவற்றை மட்டும் எடுக்கச் சொன்னால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

முனைப்புள்ளி: இருவரும் எழுதுவதைப் பற்றியே மோதுகிறீர்கள். நேரம் தின்பது கணக்காக இருந்தால்? இண்டெக்ஸ் பார்ப்பது சுற்றுச் செவ்வகத்தை மட்டும். உண்மையான சோதனை அதன் பிறகுதான். ஏறத்தாழ 2 கேபியைத் தாண்டும் பதிவில் பெரிய வடிவம் டோஸ்ட் எனும் தனி இடத்துக்குப் போய்விடும். அதை எடுத்து வருவதற்கும் செலவு உண்டு. கடற்கரை எல்லை ஒன்றில் எத்தனை முனைகள் என்று எண்ணிப் பாருங்கள். பெரிய வடிவத்தைத் துண்டாக்கும் எஸ்டி_சப்டிவைட் செயல்பாட்டால் எல்லைகளை நறுக்குங்கள். சொல்லாமல் விட்டால் துண்டுக்கு 256 முனைகள். கட்டடத்துக்கு உள்ளே ஒரு புள்ளியை எடுத்து அதை மட்டும் சோதியுங்கள்.

அகலாங்கு: நறுக்கிய கோட்டின் மேலேயே புள்ளி விழுந்தால் இரு துண்டுகளும் பொருந்தும். அப்டேட்டில் ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளும், இரண்டிலும் ஒரே எண் என்பதால் பழுதில்லை. நிழல்வரியின் புது அட்டவணையில் அதே கட்டடம் இரண்டு முறை நிற்கும்!

நிழல்வரி: கட்டடத்துக்கு ஒரே வரிசையை மட்டும் வைத்துக்கொள்ளும் ‘டிஸ்டிங்க்ட் ஆன்’ எதற்கு இருக்கிறது?

கணக்கன்: எழுதாமல் தேடலை மட்டும் ஒரு மாதிரியில் ஓட்டிப் பார்த்தேன். நேரத்தில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. நறுக்கிய எல்லைகளோடு முடிவை முதலில் இரண்டே புலங்கள் கொண்ட சிறு அட்டவணையில் எழுதப் போகிறேன்: கட்டட எண், எல்லை எண்.

நிழல்வரி: அதை அப்படியே வைத்துக்கொண்டு தேவைப்படும்போது இணைத்துப் படியுங்கள். அப்டேட்டே வேண்டாம்.

அகலாங்கு: ஒவ்வொரு வாசிப்பிலும் நான்கு கோடிப் பதிவுகளைச் சேர்த்துப் பார்ப்பதா? துண்டு துண்டாக அப்டேட் செய்து, இடையிடையே பழைய பிரதிகளின் இடத்தை மீட்கும் வேக்கூம் ஓட்டுங்கள். அந்தச் செலவு ஒரு முறைதான்.