புடாபெஸ்ட் டிராலிபஸ்களின் எண்கள் 70இல் தொடங்குவது ஏன்?

மாட்டுங்காவாசி:
வணக்கம். மும்பையில் 1962 முதல் 1971 வரை ஓடிய டிராலிபஸ்களை, அதாவது மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் பெறும் பேருந்துகளைப் பற்றி என் தாத்தா ஆசையுடன் பேசுவார். அதனால் பிற நகரங்களின் வரலாற்றையும் தேடிப் படிக்கிறேன். ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் டிராலிபஸ் தட எண்கள் 70இல் தொடங்கக் காரணம் என்ன?

செம்பூர் வாசகர்:
1949 டிசம்பர் 21 அன்று, ஸ்டாலினின் 70ஆவது பிறந்தநாளில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய முதல் தடம் சோவியத் வண்டிகளுடன் திறக்கப்பட்டதால், அதற்கு 70 என்று எண்ணிட்டார்கள். அடுத்தடுத்த தடங்கள் 71, 72 என வளர்ந்தன. ஆட்சி மாறிய பின்னரும் எண்கள் மாறவில்லை என்பதே என்னை மிகவும் கவர்கிறது.

தாராவி மின்பணியாளர்:
வண்டிகளையும் சொல்ல வேண்டும். 1960களில் சியு-5 என்ற சோவியத் டிராலிபஸ் வகை வந்தது. அதன் பின் வந்த சியு-9, வோல்கா கரையிலுள்ள எங்கெல்ஸ் நகர ஆலையில் 1972 முதல் பெருமளவில் உற்பத்தியாகி, 40,000க்கும் மேல் கட்டப்பட்டு, ஏதென்ஸ் வரை சென்றது. டிராமுக்கு மேலே ஒரு கம்பி போதும், மின்சாரம் தண்டவாளம் வழியே திரும்பிவிடும். ரப்பர் சக்கரத்தில் ஓடும் டிராலிபஸ்ஸுக்கோ இரண்டு கம்பிகள் தேவை. கூரையில் கம்பிகளைத் தொடும் இரட்டைக் கொம்புகள் இருப்பது அதனால்தான்.

மாட்டுங்காவாசி:
மிக்க நன்றி. கொம்புகளின் காரணத்தைத் தாத்தாவிடம் இன்றே சொல்கிறேன்.